யார் சொல்லி வந்தீங்க?

மயிலாப்பூர் மாட வீதிகளில் மூன்று தலைமுறையாக நடக்கும் கடைக்குப் புதிதாக ஒருவர் போனால், பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். "யார் சொல்லி வந்தீங்க?" தி.நகரில் நகைச் சீட்டு சேரும்போதும் இதே கேள்வி. அடையாறில் பிள்ளையை டியூஷனில் விடும்போதும் இதே கேள்வி. தெரிந்த ஒரு பெயரைச் சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். மாதக் கணக்கு நோட்டில் புதுப் பக்கம் திறக்கப்படும்.

பி.காம். புத்தகங்களில் இதற்கு குட்வில் என்று பெயர். நற்பெயர். கையால் தொட முடியாது, ஆனால் ஐந்தொகையில் சொத்துப் பக்கம் வரும். கடைக்காரரின் நற்பெயருக்குத்தான் இப்படிக் கணக்கு உண்டு. "அவர் சொன்னார்" என்று நாம் பயன்படுத்தும் அந்த 'அவருடைய' பெயருக்கு எந்தப் புத்தகத்திலும் கணக்கு கிடையாது. அதற்கும் ஒரு விலை உண்டு என்பதை முதலில் முழுசாகப் புரிந்துகொண்டவர்கள் கடைக்காரர்கள் அல்ல, கலிபோர்னியாவில் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர் கம்பெனிகள்.

பழைய முறையில் ஒரு விஷயம் முக்கியம். பரிந்துரை செய்தவருக்குத் தான் பரிந்துரை செய்தது தெரியும்! யாரிடம் சொன்னோம், எதைப் பற்றிச் சொன்னோம், எல்லாம் தெரியும். மளிகைக் கடைக்காரருக்கு இதைவிட அதிகம் தெரியும் என்பது வேறு விஷயம். எந்த வீட்டில் சர்க்கரை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், யார் வீட்டுக்கு ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறது, யார் இரண்டு மாதப் பாக்கி, எல்லாம் அந்த நீள நோட்டில் இருக்கும். ஆனால் நோட்டு கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒரு வீட்டுக் கணக்கை இன்னொரு வீட்டில் போய்ச் சொன்னார் என்று தெரிந்தால் மறுமாதம் வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விடும். சட்டம் எதுவும் தேவைப்படவில்லை, அடுத்த கடை இருந்தது.

பெயரை வைத்து விற்பதும் புதிதல்ல. 1941இல் லக்ஸ் சோப்பின் முதல் இந்திய விளம்பர நட்சத்திரமானார் லீலா சிட்னிஸ். காஞ்சிபுரம் பட்டில் எம்.எஸ். புளூ என்று ஒரு நிறமே உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திய அந்த நீலம் அவர் பெயராலேயே தி.நகர் ஜவுளிக் கடைகளில் கேட்டு வாங்கப்பட்டது. ஆனால் இவர்கள் எல்லாம் பிரபலங்கள். மந்தைவெளியில் பஸ்ஸுக்கு நிற்கும் ஒருவரின் பெயரையோ முகத்தையோ போட்டு யாரும் சோப்பு விற்கவில்லை. விற்றிருந்தால் அதைச் சட்டம் எப்படிப் பார்த்திருக்கும்? இந்தக் கேள்விக்கு இந்தியாவில் முதல் தெளிவான பதில் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில்தான் கிடைத்தது. அதுவும் யாரும் எதிர்பார்க்காத ஒரு வழக்கில்.

ஆட்டோ சங்கர் வழக்கு என்றால் சென்னையில் எல்லோருக்கும் தெரியும். திருவான்மியூர் பெரியார் நகர்க்காரர். ஆறு கொலைகள், மரண தண்டனை. செங்கல்பட்டு சிறையில் இருந்தபோது அவர் தன் வாழ்க்கைக் கதையை முந்நூறு பக்கம் எழுதினார். சில ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளோடு தனக்கு இருந்த தொடர்புகள் அதில் இருந்ததாகச் சொல்லப்பட்டது. நக்கீரன் பத்திரிகை அதைத் தொடராக வெளியிடப் போவதாக அறிவித்தது. உடனே சிறைத்துறை ஐ.ஜி.யிடமிருந்து 1994 ஜூன் 15 தேதியிட்டு ஒரு கடிதம் வந்தது. அந்தக் கதை பொய், சங்கர் எழுதியதே அல்ல, வெளியிட்டால் நடவடிக்கை என்று அதில் இருந்தது. நக்கீரன் கோபால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

1994 அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு வந்தது. சட்டப் புத்தகங்களில் அதன் பெயர் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு. பத்திரிகை ஜெயித்தது. ஒன்றை வெளியிடுவதற்கு முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை, பொது ஆவணங்களில் இருக்கும் விஷயத்தை யார் அனுமதியும் இல்லாமல் வெளியிடலாம், அரசு அதிகாரிகள் தங்கள் பணி சம்பந்தமான விஷயத்தில் அந்தரங்கம் என்று சொல்லித் தப்ப முடியாது. தமிழ்நாட்டில் இந்தத் தீர்ப்பு பத்திரிகைச் சுதந்திரத்தின் வெற்றியாகத்தான் பேசப்பட்டது. அது சரிதான்.

ஆனால் தீர்ப்புக்குள் இன்னொரு பாதி இருந்தது. அரசியல் சட்டத்தின் 21வது பிரிவிலேயே அந்தரங்க உரிமை அடங்கியிருக்கிறது, அது ஒருவர் தன் பாட்டுக்கு விடப்படும் உரிமை என்று நீதிபதி எழுதினார். அந்த உரிமை எப்போது மீறப்படும் என்பதற்கு அவர் கொடுத்த முதல் உதாரணம் சிறைக் கதையே அல்ல! ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது. விளம்பரம் அல்லாத காரியத்துக்கு என்றாலும் அதே மீறல்தான். சம்மதம் இல்லாமல் வாழ்க்கைக் கதை எழுதுவது அதற்கு அடுத்துத்தான் வருகிறது.

கொலைக் குற்றவாளியின் கதையை விசாரிக்கும் இடத்தில் விளம்பரம் எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு நீண்ட சொந்தம் உண்டு. 1900 வாக்கில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு மாவு மில் கம்பெனி, ஓர் இளம்பெண்ணின் படத்தை அவருக்குத் தெரியாமலே போட்டு 25,000 விளம்பரத் தாள்கள் அடித்து ஒட்டியது. அவர் வழக்குப் போட்டார். 1902இல் அந்த மாநில உயர் மன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் கைவிரித்துவிட்டது. ஊரே கொதித்தது. அடுத்த ஆண்டே எழுத்து மூலம் சம்மதம் இல்லாமல் ஒருவர் பெயரையும் படத்தையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. ஆக, அந்தரங்கச் சட்டத்தின் ஆரம்பப் பாடமே விளம்பரத் தாள்தான். ஜீவன் ரெட்டி அந்த மரபைத்தான் திருவான்மியூர் வழக்கின் வழியாக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்.

தேதியைக் கவனியுங்கள். தீர்ப்பு வந்த பத்தாவது மாதம், 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. முதல் நகரங்களில் சென்னையும் ஒன்று.

இன்டர்நெட் சென்னைக்கு வந்த முதல் பத்தாண்டு பிரவுசிங் சென்டர்களின் காலம். பாண்டி பஜார், லஸ் கார்னர், அடையாறு எல்.பி. ரோடு என்று தெருவுக்கு இரண்டு இருந்தன. அட்டைத் தடுப்பு, சத்தம் போடும் மோடம், வாசலில் ஒரு நோட்டு. அந்த நோட்டில் பெயர், முகவரி, போன் நம்பர் எழுத வேண்டும். அடுத்து வருபவர் முந்தையவரின் நம்பரைத் தாராளமாகப் படித்துவிட்டுத்தான் உள்ளே போவார்! 2011இல் மத்திய அரசு சைபர் கஃபே விதிகளைப் போட்டபோது அடையாள அட்டை கட்டாயம், பதிவேட்டை ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும், தடுப்பு நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது என்றெல்லாம் எழுதினார்கள். தடுப்பின் உயரத்தை அளந்த அளவுக்கு, அந்தக் கம்ப்யூட்டருக்குள் திறந்திருந்த கம்பெனிகள் எவ்வளவு எழுதி வைத்துக்கொள்கின்றன என்று யாரும் அளக்கவில்லை.

அந்தக் காலத்துச் சென்னை வழக்கு ஒன்று இந்திய சைபர் சட்ட வரலாற்றிலேயே முக்கியமானது. விவாகரத்தான ஒரு பெண்ணின் பெயரில் போலி மெயில் முகவரி திறந்து, யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதி, அவர் போன் நம்பரையும் போட்டான் ஒருவன். அவருக்குக் கண்ட கண்ட ஆட்களிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. 2004 பிப்ரவரியில் புகார் கொடுத்தார். சென்னை சைபர் பிரிவு பிடித்தது. அதே ஆண்டு நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் இரண்டாண்டுக் கடுங்காவல் கொடுத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67வது பிரிவில் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனை என்று இதைச் சொல்வார்கள். தனி ஆள் ஒருவன் ஒரு பெண்ணின் பெயரைத் திருடினால் ஏழெட்டு மாதத்தில் நீதி கிடைக்கும் என்று சென்னை காட்டியது. உண்மையிலேயே பாராட்ட வேண்டிய வேகம்.

அதே 2004 ஜனவரியில்தான் கூகுள் ஆர்குட்டைத் தொடங்கியது. கல்லூரி மாணவர்கள் பலருக்கு இன்டர்நெட் என்றாலே ஆர்குட் என்று ஆகிப்போனது. ஸ்கிராப்புக் ஆரம்பத்தில் திறந்த வீடு, யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்று ஊரே படிக்கலாம். 2006இல் நம் பக்கத்துக்கு யார் வந்து எட்டிப் பார்த்தார்கள் என்று காட்டும் வசதி வந்தபோது பலர் பதறிப்போனார்கள். ஆனால் ஆர்குட்டில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. டெஸ்டிமோனியல். ஒரு நண்பர் உங்களைப் பற்றிப் புகழ்ந்து எழுதினால் அது நேராகப் பக்கத்தில் வந்துவிடாது. நீங்கள் பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் வரும். அதாவது "யார் சொன்னது" என்பதும் தெரியும், "சொல்லலாமா" என்ற கேள்வியும் இருந்தது. பழைய மாட வீதி மரியாதை அதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது என்று சொல்லலாம். 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்குட்டை மூடிவிட்டார்கள்.

அந்த மரியாதையைத் துடைத்துப் போட்டது 2007 நவம்பர் 6 அன்று ஃபேஸ்புக் அறிவித்த பீக்கன். 44 இணையதளங்கள் அதில் கூட்டாளிகள். அந்தத் தளங்களில் நீங்கள் என்ன வாங்கினாலும், எந்தப் படத்துக்கு டிக்கெட் எடுத்தாலும், ஃபேஸ்புக்கில் உங்கள் நண்பர்களுக்கு உங்கள் பெயரோடு செய்தி போகும். மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்து "வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுத் தானே மறைந்துபோகும். பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்! மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்ற நம்ம ஊர் பழமொழியை அவர்கள் எங்கே படித்தார்களோ தெரியாது. அமெரிக்காவில் ஒருவர் மனைவிக்கு ரகசியமாகப் பரிசு கொடுக்கலாம் என்று ஒரு தளத்தில் வைர மோதிரம் வாங்கினார். அந்தச் செய்தி, தள்ளுபடி சதவீதத்தோடு, மனைவி உட்பட எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. தீபாவளிக்கு முதல் நாள் தி.நகர் கடைக்காரர் மைக்கில் அறிவித்தால் எப்படி இருக்கும், அப்படி.

எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பர் 5 அன்று மார்க் ஜக்கர்பெர்க் மன்னிப்புக் கேட்டார். 2009இல் பீக்கன் மூடப்பட்டது. வழக்கு 95 லட்சம் டாலரில் சமரசமானது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி ஒரு அறக்கட்டளை தொடங்கவும் வக்கீல் செலவுக்கும் போனது. வழக்கில் பெயர் இருந்த சிலரைத் தவிர, பீக்கனில் பெயர் அடிபட்ட சாதாரண உறுப்பினர்களுக்கு எதுவும் இல்லை.

கூகுள் இதிலிருந்து பாடம் படித்திருக்கும் என்று நினைத்தால், 2010 பிப்ரவரி 9 அன்று பஸ் வந்தது. (பல்லவன் பஸ் அல்ல, கூகுள் பஸ்.) ஜிமெயில் திறந்தவர்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. நீங்கள் அடிக்கடி யாருக்கு மெயில் அனுப்புகிறீர்களோ அவர்களையே உங்கள் வட்டமாகச் சேர்த்து, அந்தப் பட்டியலை மற்றவர்களும் பார்க்கும்படி வைத்துவிட்டது. ஒரு பத்திரிகையாளருக்கு ரகசியமாகத் தகவல் கொடுப்பவர் யார், யார் எந்த டாக்டருக்கு எழுதுகிறார், யார் வேறு கம்பெனி ஹெச்.ஆருக்கு மெயில் போடுகிறார், எல்லாம் அதில் தெரியும் அபாயம். அமெரிக்காவில் ஒரு பெண், தன்னைக் கொடுமைப்படுத்திய முன்னாள் கணவனுக்குத் தன் விவரங்கள் போய்விட்டன என்று கொதித்து எழுதினார். சில நாட்களிலேயே கூகுள் பின்வாங்கியது. 85 லட்சம் டாலர் சமரசம். 2011இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் இருபது ஆண்டுகளுக்கு வெளி ஆட்களைக் கொண்டு தணிக்கை என்று உத்தரவு போட்டது. கம்பெனிக் கணக்குக்கு ஆடிட்டர் இருப்பதுபோல அந்தரங்கத்துக்கும் ஆடிட்டர்! வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

பிறகு நேரடியாகவே விளம்பரம். 2011 ஜனவரியில் ஃபேஸ்புக் ஸ்பான்சர்டு ஸ்டோரீஸ் கொண்டுவந்தது. ஒரு கம்பெனியின் பக்கத்துக்கு நீங்கள் லைக் போட்டால், உங்கள் பெயரும் படமும் அந்தக் கம்பெனியின் விளம்பரமாக உங்கள் நண்பர்களுக்குக் காட்டப்படும். காசு கம்பெனியிடமிருந்து ஃபேஸ்புக்குக்குப் போகும். உங்களுக்கு ஒன்றும் இல்லை, கேட்கவும் மாட்டார்கள். 1902 வழக்கின் மாவு விளம்பரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அச்சுச் செலவு இல்லை, அவ்வளவுதான். கலிபோர்னியாவில் ஐந்து பேர் வழக்குப் போட்டார்கள். 2013 ஆகஸ்டில் இரண்டு கோடி டாலர் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றது. மனு கொடுத்தவர்களுக்குத் தலைக்கு 15 டாலர். அன்றைய மதிப்பில் ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஒரு சாதாரண மனிதரின் பெயருக்கும் முகத்துக்கும் நீதிமன்றம் வைத்த விலை என்று ஒன்று வரலாற்றில் இருக்கிறதென்றால் அது இதுதான். அதுவும் அமெரிக்கர்களுக்கு மட்டும். மயிலாப்பூரில் லைக் போட்டவருக்குக் கிடையாது. ஸ்பான்சர்டு ஸ்டோரீஸ் 2014இல் நிறுத்தப்பட்டது.

2013 நவம்பரில் கூகுளும் இதையே செய்தது. நீங்கள் ஒரு ஹோட்டலுக்குக் கொடுத்த ஸ்டாரும் எழுதிய விமர்சனமும், பெயர் படத்தோடு விளம்பரத்தில் வரலாம். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களை விட்டுவிட்டார்கள், மற்றவர்கள் வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் போய் டிக்கை எடுக்கலாம். பலர் ஒரு வேடிக்கை செய்தார்கள். தங்கள் படத்துக்குப் பதிலாக கூகுள் தலைவர் எரிக் ஷ்மிட்டின் படத்தை வைத்துக்கொண்டார்கள்!

சரி, இந்தியாவில் 1994 தீர்ப்பு இருந்ததே, யாராவது அதை எடுத்துக்கொண்டு போனார்களா? லைக் போட்ட ஒருவர் போனதாக ஒரு பெரிய வழக்கும் இல்லை. காரணம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒரு லைக்குக்காக எவ்வளவு வக்கீல் ஃபீஸ் கொடுப்பது? 2011இல் வந்த தகவல் பாதுகாப்பு விதிகளும் பாஸ்வேர்டு, வங்கிக் கணக்கு, மருத்துவ விவரம், கைரேகை போன்றவற்றைத்தான் முக்கியத் தகவல் என்றன. பெயரும் நண்பர் பட்டியலும் அதில் இல்லை.

ஆனால் பெயருக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒருவர் போனார். போயஸ் கார்டனிலிருந்து. 'மைன் ஹூன் ரஜினிகாந்த்' என்று இந்தியில் ஒரு படம் எடுத்தார்கள். 2014இல் ரஜினி வழக்குப் போட்டார். 2015 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்தப் பெயரையும் அவர் பாணியையும் பயன்படுத்தத் தடை போட்டது. பார்ப்பவருக்கு இது அவர்தான் என்று அடையாளம் தெரிந்தாலே போதும், குழப்பம் ஏற்பட்டது என்று நிரூபிக்கத் தேவையில்லை என்றது. தீர்ப்பு சரியானதுதான். ஆனால் அதிலிருந்து புரிவது என்ன? பெயருக்கு வணிக மதிப்பு இருக்கிறது என்று சூப்பர் ஸ்டார் எளிதில் நிரூபிக்கலாம். நம் பெயருக்கு நம் நண்பர்கள் இருநூறு பேரிடம் மட்டும்தான் மதிப்பு. வேடிக்கை என்னவென்றால், அந்த இருநூறு பேரிடம் ரஜினியைவிட நம் பெயருக்கு மதிப்பு அதிகம் என்று கண்டுபிடித்துத்தான் ஃபேஸ்புக் பணம் பண்ணியது.

இதற்கிடையில் கம்பெனிகள் இன்னும் அமைதியான ஒரு வழியைப் பிடித்துக்கொண்டன. விளம்பரம் என்று சொன்னால்தானே சண்டை? 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று நண்பர்களையே பரிந்துரை செய்வது. கேட்க எவ்வளவு நல்லதாக இருக்கிறது! இதற்கு மூலப்பொருள் மற்றவர்களின் போனில் இருக்கும் முகவரிப் புத்தகம். 2013 ஜூனில் ஃபேஸ்புக்கில் ஒரு கோளாறால் சுமார் 60 லட்சம் பேரின் மெயில், போன் நம்பர்கள் வெளியே போனது. அப்போதுதான் பலருக்கு ஒன்று புரிந்தது: தாங்கள் கொடுக்கவே கொடுக்காத நம்பரையும், தங்களைத் தெரிந்த வேறு யாரோ ஏற்றியதால், கம்பெனி வைத்திருக்கிறது. 2016இல் அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவரின் நோயாளிகள், ஒருவருக்கொருவர் நண்பர்களாகப் பரிந்துரைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. ஆழ்வார்பேட்டையில் ஒரு கிளினிக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இருவரை நினைத்துப் பாருங்கள்.

2018இல் வெளியான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில் இதன் கணக்கு இந்தியாவுக்கே கிடைத்தது. அந்த வினாடி வினா செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர் என்றது ஃபேஸ்புக். பாதிக்கப்பட்டிருக்கக் கூடிய இந்தியர்கள் 5,62,455 பேர்! மீதிப் பேர் ஒரு பொத்தானையும் அமுக்கவில்லை. அவர்கள் சார்பில் நண்பர்கள் சம்மதம் கொடுத்துவிட்டார்கள். "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டால் அவர்களுக்குப் பதிலே தெரியாது.

இங்கே எதிர்த்துப் போனவர்கள் இரண்டு மாணவர்கள். 2016 ஆகஸ்டில் வாட்ஸ்அப் தன் விதிகளை மாற்றியது. 2014இல் ஃபேஸ்புக் அதை வாங்கியபோது எதுவும் மாறாது என்று சொல்லியிருந்தார்கள். இப்போது உங்கள் நம்பர் ஃபேஸ்புக்குக்குப் போகும், நல்ல நண்பர் பரிந்துரையும் பொருத்தமான விளம்பரமும் கிடைக்கும் என்றார்கள். டிக்கை எடுக்க 30 நாள் அவகாசம். டெல்லி உயர் நீதிமன்றம் செப்டம்பர் 23 அன்று அந்த மாதம் 25ஆம் தேதி வரையான தகவலைப் பகிரக் கூடாது என்று மட்டும் சொன்னது. மாணவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

அந்த நேரத்தில் ராஜகோபால் தீர்ப்பே ஆபத்தில் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஆதார் வழக்கில் மத்திய அரசு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே இல்லை என்று வாதிட்டது. 1954இல் எட்டு நீதிபதிகளும் 1962இல் ஆறு நீதிபதிகளும் இல்லை என்று சொல்லியிருக்க, 1994இல் இரண்டு நீதிபதிகள் எப்படி உண்டு என்று சொல்லலாம்? எண்ணிக்கைக் கணக்கில் அந்த வாதம் வலுவானதுதான். அதனால்தான் ஒன்பது நீதிபதிகள் உட்கார வேண்டிவந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது பேரும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். செங்கல்பட்டு சிறையில் எழுதிய முந்நூறு பக்கத்தால் பிறந்த தீர்ப்பு பிழைத்தது.

சென்னைக் கதையில் இன்னும் ஒரு திருப்பம் பாக்கி. 2018இல் சமூக வலைத்தளக் கணக்குகளோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் வந்தன. ஆன்லைன் அவதூறும் மிரட்டலும் அதிகமாகிவிட்டது என்பது காரணம். ஆதார் இணைப்புக்கு நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை, ஆனால் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்ற பக்கம் வழக்கு திரும்பியது. அடையாறு பக்கத்து ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் காமகோடி, 2019 ஜூலையில் ஒரு யோசனை கொடுத்தார். முதலில் அனுப்பியவரின் நம்பரைச் செய்தியோடு சேர்த்தே அனுப்பலாம் என்பது அது. வாட்ஸ்அப் எதிர்த்தது. என்ன சொல்லி? பயனாளிகளின் அந்தரங்கம் கெட்டுவிடும் என்று! மூன்று வருடம் முன்பு அதே பயனாளிகளின் நம்பரைத் தாய்க் கம்பெனிக்குக் கொடுத்தவர்கள். இருந்தாலும் அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு ஃபார்வர்டு போகும் இடமெல்லாம் ஒருவரின் நம்பரும் போவது, அவர் பெயரைக் கேட்காமல் ஒட்டுவதில் இன்னொரு வகைதான். 2019 அக்டோபரில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது.

2021இல் வாட்ஸ்அப் மறுபடி விதியை மாற்றியது. இந்த முறை டிக்கை எடுக்கும் வசதியும் இல்லை. ஏற்றுக்கொள், அல்லது விலகு. சந்தைப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அந்தரங்கப் பிரச்சினையை ஏன் போட்டி ஆணையம் பார்த்தது என்று கேட்கலாம். மளிகைக் கடையை நினைத்தால் புரியும். வாடிக்கையாளர் விலகிப் போக அடுத்த கடை இல்லை என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம்.

2023 ஆகஸ்டில் நாட்டுக்கென்று ஒரு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கம்பெனிகளின் முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே வாக்கில்தான் தொடங்கும். மௌனம் சம்மதமாகாது, தெளிவாகச் செய்துகாட்டிய ஒரு செயலால்தான் சம்மதம் என்று சட்டம் சொல்கிறது. பீக்கனின் மறைந்துபோகும் பெட்டிக்கு அதில் இடமில்லை. தவறு செய்தால் 250 கோடி வரை அபராதம் போடலாம்.

ஆனால் அந்தப் பணம் அரசு கஜானாவுக்குப் போகும். பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடு கொடுக்கும் 43ஏ பிரிவு ஒன்று இருந்தது. புதுச் சட்டம் அதை எடுத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, பொய்ப் புகார் கொடுக்கும் பயனாளிக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கலிபோர்னியாக்காரருக்குக் கிடைத்த அந்த 15 டாலருக்குச் சமமாக மயிலாப்பூர்க்காரருக்கு இந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. நஷ்ட ஈடு வேண்டும் என்றால் அவர் மறுபடியும் 1994 தீர்ப்பை எடுத்துக்கொண்டு பாரிமுனை உயர் நீதிமன்றத்தின் படியைத்தான் ஏற வேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பு மட்டும் அவருக்கு, கேட்டால், தமிழிலேயே கிடைக்கும். எட்டாவது அட்டவணை மொழிகள் இருபத்திரண்டிலும் கொடுக்க வேண்டும் என்று ஐந்தாவது பிரிவில் எழுதியிருக்கிறார்கள்.